பக்கத்து வீட்டுக் கூரைக்கு நகரம் ஏன் கடன் கொடுக்கணும்?

போன எபிசோட்ல பேச்சு ரொம்ப நீளமாப் போச்சுன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. இந்த தடவை ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன். கூரை. அதுவும் என் தலைக்கு மேல இருக்குற கூரை.

நான் இருக்குறது அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம், மினியாபொலிஸ் பக்கத்துல ஒரு புறநகர். ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு பெட்ரூம் காண்டோ ஒண்ணு வாங்கினேன். 1972ல கட்டின கட்டடம், மொத்தம் 64 வீடு. விலை கம்மி, ஆபீஸ் பக்கம், மாசாமாசம் கட்டுற மெயின்டெனன்ஸும் கம்மி. "ஆஹா, நல்லா நடத்துறாங்கப்பா"ன்னு நினைச்சேன். மெயின்டெனன்ஸ் கம்மியா இருந்தா சந்தோஷப்படக் கூடாது, பயப்படணும்னு அப்ப எனக்குத் தெரியாது.

முதல் குளிர்காலத்துலேயே தெரிஞ்சுபோச்சு. கூரையோரத்துல பனி கட்டி நின்னு, உருகின தண்ணி உள்ள இறங்கி, மேல் மாடி வீடுகள்ல சுவரெல்லாம் ஊறிடுச்சு. மார்ச் மாசம் அசோசியேஷன்ல இருந்து கடிதம். கூரை, வெளிச்சுவர், ஜன்னல் எல்லாம் மாத்தணும். மொத்தம் 14 லட்சம் டாலர். சேர்த்து வச்ச நிதி அதுல பத்துல ஒரு பங்குகூடத் தேறாது. பிரிச்சா ஒரு வீட்டுக்கு 21,875 டாலர்.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "சிட்டிகிட்ட கேட்கலாமே, அதுக்குன்னு ஒரு சட்டமே இருக்கே"ன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. தனியார் கட்டடத்தோட கூரைக்கு நகராட்சி எதுக்கு காசு கொடுக்கும்? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட அது 1667க்குப் போய் நின்னுச்சு. இந்த எபிசோட் அந்தக் கதைதான்.

எரிஞ்ச ஊரும் சாக்கடைக் கணக்கும்

1666 செப்டம்பர்ல லண்டன் எரிஞ்சது நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சுமார் 13,200 வீடுகள் போச்சு. அடுத்த வருஷம் ஊரைத் திரும்பக் கட்ட நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. தெரு எவ்வளவு அகலம், சுவர் எந்தப் பொருள்ல கட்டணும்னு அதுல நிறைய விதிகள். நமக்கு வேண்டியது நடுவுல ஒளிஞ்சிருக்குற ஒரு சின்ன யோசனை. சாக்கடை வெட்டுறதுக்கும் தெருவுக்குக் கல் பாவுறதுக்கும் ஆகுற செலவை, அதனால பலன் அடையுற வீடுகள் மேலேயே, பலனுக்கு ஏத்த மாதிரி பிரிச்சுப் போடலாம்.

ஊர் மொத்தத்துக்கும் வரி கிடையாது. தனி ஆளோட சொந்தச் செலவும் கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூணாவது வழி. வேலையைச் செய்யுறது நகரம், காசைக் கட்டுறது பலன் அடையுறவங்க.

இது அப்படியே கப்பலேறி அமெரிக்கா வந்துச்சு. 1691ல நியூயார்க் மாகாணம் போட்ட சட்டம், லண்டன் சட்டத்தோட வாசகங்களை ஏறக்குறைய நகலெடுத்ததுன்னு இதை ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. எங்க தொழில்ல நாங்க இன்னொருத்தர் கோடை எடுத்து ஒட்டுறோம்ல, அதே வேலைதான்.

19ஆம் நூற்றாண்டுல அமெரிக்க நகரங்கள் வளர்ந்த வேகத்துல நடைபாதை, சாக்கடை, தெரு எல்லாத்துக்கும் இந்த முறைதான் கை கொடுத்துச்சு. 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்'னு இதுக்குப் பேரு.

எங்க ஒரு நல்ல கருவி இருக்கோ அங்க அதைத் தப்பா பயன்படுத்த ஒருத்தர் வருவாரு. ஒஹையோவுல நார்வுட்னு ஒரு கிராமம். பேக்கர்னு ஒரு அம்மாவோட நிலத்துக்கு நடுவுல தெரு போட இடம் எடுத்தாங்க. இழப்பீடு 2,000 டாலர்னு ஜூரி தீர்ப்பு சொல்லுச்சு. கிராமம் என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த 2,000 டாலரையும், வழக்குச் செலவையும் சேர்த்து, "தெருவால உங்களுக்குத்தானே பலன்"னு அந்த அம்மாவோட மிச்ச நிலத்து மேலேயே திரும்பப் போட்டுடுச்சு. அவங்க காசை அவங்களுக்கே இழப்பீடா கொடுத்த மாதிரி! 1898ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. கிடைக்குற பலனைவிட ரொம்ப அதிகமா ஒருத்தர்கிட்ட வசூல் பண்ணா, அந்த அதிகப்படி இழப்பீடு கொடுக்காம சொத்தைப் பறிக்குறதுக்குச் சமம்னு தீர்ப்பு.

இந்த வரியை மனசுல வச்சுக்கங்க. பின்னாடி திரும்ப வரும்.

கூரை யாருக்குச் சொந்தம்?

இப்ப ஒரு பெரிய தாவல். தனி வீடு இருந்த வரைக்கும் தெரு ஊருக்குச் சொந்தம், கூரை வீட்டுக்காரருக்குச் சொந்தம். குழப்பம் இல்லை. காண்டோ வந்ததும் நடுவுல மூணாவதா ஒண்ணு வந்துச்சு. எல்லாருக்கும் சொந்தமான கூரை.

அமெரிக்காவுல காண்டோ ரொம்பப் பழைய விஷயம் இல்லை. 1958ல போர்ட்டோ ரிக்கோ ஒரு விரிவான சட்டம் போட்டுச்சு. 1961ல அமெரிக்க அரசு, காண்டோ வாங்குறவங்களோட வீட்டுக் கடனுக்கும் காப்பீடு தர ஒத்துக்கிச்சு. அவ்வளவுதான், மாநிலங்கள் வரிசையா சட்டம் போட்டாங்க. மினசோட்டா 1963ல போட்டுச்சு. அறுபதுகளோட கடைசிக்குள்ள நாடு முழுக்கப் பரவிடுச்சு.

இதுல ஒரு முடிச்சு இருக்கு. நம்ம ஊர்ல ஃப்ளாட் வாங்குனவங்களுக்கு யூடிஎஸ் தெரியும், நிலத்துல நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. இங்க காண்டோவுல கூரை, சுவர், படிக்கட்டு எல்லாமே அப்படித்தான். 64 பேருக்கும் சேர்ந்து சொந்தம், யாருக்கும் தனியா சொந்தம் இல்லை. அசோசியேஷன் அதைப் பராமரிக்குமே தவிர, அதுக்குன்னு சொந்தமா சொத்து பெருசா ஒண்ணும் கிடையாது.

அதனால என்ன? அசோசியேஷன் பேங்குக்குப் போய் 14 லட்சம் கடன் கேட்டா, "அடமானம் என்ன வைப்பீங்க?"ன்னு கேட்பாங்க. கூரையைக் கழட்டிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு வீடும் ஏற்கெனவே வேற ஒரு பேங்க்ல அடமானத்துல இருக்கு. மிச்சம் இருக்குறது ஒண்ணுதான், வரப்போற மெயின்டெனன்ஸ் பணம். அதை நம்பிக் கொடுக்குற பேங்குகள் இருக்கு. ஆனா குறைஞ்ச வருஷம், கூடுதல் வட்டி. பாதி பேர் பாக்கி வச்சிருக்குற பழைய கட்டடம்னா அதுவும் கிடையாது.

அறுபது, எழுபதுகள்ல கட்டின கட்டடங்களுக்குத் தொண்ணூறுகள்ல ஒரே நேரத்துல வயசாச்சு. கூரைக்கு இருபது, முப்பது வருஷம்தான் ஆயுள். அதுல இருக்குறவங்க யாரு? முதல் வீடு வாங்குன சின்னப் பசங்க, பெரிய வீட்டை வித்துட்டு வந்த ரிடையர் ஆனவங்க. மொத்தமா இருபதாயிரம் டாலர் கேட்டா கையில இல்லாத ரெண்டு கூட்டம்.

ஹாப்கின்ஸ் போட்ட வழி

மினியாபொலிஸுக்கு மேற்கே ஹாப்கின்ஸ்னு ஒரு சின்ன ஊர். ஒரு காலத்துல ராஸ்பெர்ரிக்கும் டிராக்டர் தொழிற்சாலைக்கும் பேர் போன ஊர். 1994ல மாநில சட்டமன்றம் இந்த ஒரு ஊருக்கு மட்டும்னு ஒரு தனிச் சட்டம் போட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1996ல, அதையே எல்லா நகரங்களுக்கும் பொதுச் சட்டமா ஆக்கினாங்க. 'ஹவுசிங் இம்ப்ரூவ்மென்ட் ஏரியா'ன்னு பேரு. இனிமே நான் வீட்டு மேம்பாட்டுப் பகுதின்னே சொல்றேன்.

சட்டப் புத்தகத்துல இது எங்க உட்கார்ந்திருக்குங்கறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். 428ஏ-ன்னு ஒரு அத்தியாயம். அதோட முதல் பாதி கடைத்தெருக்களுக்கானது. ஒரு கடைத்தெருவுல பனி அள்ளவும் கூடுதல் விளக்கு போடவும் அந்தத் தெருக் கடைக்காரர்களே நகரம் வழியா காசு கட்டிக்குற ஏற்பாடு. அதுக்கு அடுத்த பாதியா வீட்டு மேம்பாட்டுப் பகுதியைச் சேர்த்தாங்க. லண்டன் சாக்கடை, நியூயார்க் தெரு, மினசோட்டா கடைத்தெரு, இப்ப காண்டோ கூரை. அதே யோசனை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி உள்ள வந்திருக்கு. தெருவுல ஆரம்பிச்சது வாசற்படி தாண்டி வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுச்சு.

எப்படி வேலை செய்யுது? சட்டம் சொல்ற எண்ணிக்கையில வீட்டு உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டு நகரத்துகிட்ட மனு கொடுக்கணும். நகரம் தானா வந்து "உங்க கூரை ஒழுகுது"ன்னு ஆரம்பிக்க முடியாது. அசோசியேஷன் ஒரு நிதித் திட்டம் கொடுக்கணும், அதை வெளியாள் ஒருத்தர் தயாரிக்கணும் அல்லது சரின்னு சொல்லணும். இந்தக் கூரைக்கு மட்டும் இல்லை, இனிமே வரப்போற எல்லாப் பெரிய செலவுக்கும் எப்படிச் சேர்த்து வைப்பீங்கன்னு அதுல இருக்கணும். அப்புறம் நோட்டீஸ் கொடுத்துப் பொது விசாரணை. இந்த ஏற்பாடு இல்லாட்டி இந்த வேலையை இவங்களால செய்யவே முடியாதுன்னு நகர மன்றம் முடிவுக்கு வரணும். அதாவது இது கடைசி வழி. வேற எங்கயும் கடன் கிடைச்சா இங்க வராதீங்கன்னு அர்த்தம்.

எல்லாம் சரின்னா நகரம் பணத்தைக் கொடுக்கும், தேவைப்பட்டா பத்திரம் வெளியிட்டுத் திரட்டும். திருப்பி வாங்குறதுதான் சாமர்த்தியம். ஒவ்வொரு வீட்டு மேலயும் வருஷக் கட்டணம் போட்டு, அதை சொத்து வரியோட சேர்த்து வசூல் பண்ணும். அமெரிக்காவுல சொத்து வரி பாக்கி வீட்டுக் கடனுக்கும் முன்னாடி நிக்கும். வீடு கை மாறினா பணம் முதல்ல அதுக்குத்தான் போகும். பேங்க் பார்த்துப் பயந்த ரிஸ்க் இங்க கிட்டத்தட்ட காணாமப் போயிடுது. புதுசா அடமானம் எதுவும் வைக்கல. வசூல் பண்ற கை மாறுச்சு, அவ்வளவுதான்.

என் கணக்கைச் சொல்றேன். எல்லா வீடும் ஒரே பங்குன்னு வச்சுக்குவோம். 21,875 டாலர், 15 வருஷம், 5.5 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு சுமார் 2,180, மாசத்துக்கு 182 டாலர். முழுசாக் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 10,800 டாலர் வட்டி போயிருக்கும். அதனால இது தர்மம் இல்லை, கடன்தான். இலவசம்னு நினைச்சு உள்ள போகாதீங்க.

வேண்டாம்னு சொல்றவங்க என்ன பண்றது?

இப்ப அந்த பேக்கர் அம்மாவுக்கு வருவோம். நான் கேட்காத கடனை என் வீட்டு மேல போடலாமா?

சட்டம் இதுக்கு ஒரு பூட்டு வச்சிருக்கு. நகர மன்றம் தீர்மானம் போட்டாலும் உடனே அமலுக்கு வராது, குறைஞ்சது 45 நாள் காத்திருக்கணும். அதுக்குள்ள 45 சதவீத வீடுகளோட உரிமையாளர்கள் எழுத்துல மறுப்பு கொடுத்தா, தீர்மானம் செத்துப்போச்சு. எங்க கட்டடத்துக்குக் கணக்குப் போட்டா, நிறுத்த 29 கையெழுத்து வேணும்.

ஒரு இன்ஜினியரா எனக்கு இதுல உறுத்துற இடம், யாரும் எதுவும் செய்யலைன்னா என்ன ஆகுங்கறது. மனுவுக்குத் தேவையான அளவு பேர் கேட்டு, சில பேர் எதிர்த்து, மிச்சப் பேர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லைன்னா, திட்டம் ஓடும். பேசாம இருக்குறது சம்மதம். இது நியாயமா? எதிர்க்குறவங்க அநியாயம்னுதான் சொல்வாங்க. ஆனா மாத்தி வச்சுப் பாருங்க. பேசாம இருக்குறது மறுப்புன்னு வச்சா, எந்தக் காண்டோவுலயும் எந்தக் கூரையும் எப்பவும் மாறாது. கூட்டத்துக்கு வர்றதே பத்து பேர், இதுல அப்ரூவல் எங்க கிடைக்கும்? 

பேசாம இருந்தா என்ன ஆகும்னு பேசும்போது ஃப்ளோரிடாவைச் சொல்லாம போக முடியாது. சர்ஃப்சைட்ல சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 1981ல கட்டினது, 12 மாடி, 136 வீடு. 2018லேயே ஒரு பொறியாளர் நீச்சல் குளத் தளத்துக்குக் கீழ கான்கிரீட் மோசமா இருக்குன்னு அறிக்கை கொடுத்தாரு. அப்ப மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர். கூட்டம், சண்டை, நிர்வாகிகள் ராஜினாமா. 2021 ஏப்ரல்ல ஒருவழியா ஒத்துக்கிட்டப்ப தொகை 1.5 கோடி டாலர். சின்ன வீட்டுக்கே சுமார் 80,000 டாலர், பெரிய வீட்டுக்கு மூணு லட்சத்துக்கும் மேல. ஜூன் 24 நள்ளிரவு தாண்டி ஒண்ணரை மணி வாக்குல கட்டடத்தோட ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. 98 பேர் போயிட்டாங்க.

பணத் தகராறுதான் காரணம்னு சொல்லிட முடியாது. வடிவமைப்புலேயே குறை இருந்ததா விசாரணையில வந்திருக்கு. ஆனா அந்த மூணு வருஷத்துல அங்க நடந்த கூட்டங்களைப் பத்திப் படிச்சப்ப, எங்க கட்டடத்துக் கூட்டத்துல உட்கார்ந்திருக்குற மாதிரியே இருந்துச்சு. "இவ்வளவு பணம் எங்க போறது?" அதே கேள்வி. அடுத்த வருஷம் ஃப்ளோரிடா, மூணு மாடியோ அதுக்கு மேலயோ இருக்குற பழைய காண்டோக்களுக்குக் கட்டாய ஆய்வும் கட்டாயச் சேமிப்பும் கொண்டுவந்துச்சு. சேமிக்கச் சொல்ற சட்டம் சரிதான். இத்தனை வருஷம் சேமிக்காத கட்டடத்துல இன்னிக்கு யார் கட்டுறதுங்கற கேள்விக்கு அது மட்டும் பதில் இல்லை. ஹாப்கின்ஸ் கையை வச்ச இடம் அதுதான்.

கடைசிக் கையெழுத்து

இப்ப என் கதையை முடிக்கணும்.

எனக்கு எதிர்வீட்டுல ஒரு பாட்டி. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவங்க, 26 வருஷமா அதே வீடு. மனுவை எடுத்துக்கிட்டுக் கதவைத் தட்டினது அவங்கதான். எனக்கு உள்ளுக்குள்ள கோபம். காரணம் இருக்கு. பழைய கூட்டக் குறிப்புகளை நான் படிச்சிருந்தேன். மெயின்டெனன்ஸை ஏத்தலாம்னு பேச்சு வந்தப்பல்லாம் "வேண்டாம்"னு ஓட்டுப் போட்ட நிர்வாகக் குழுவுல அவங்களும் இருந்தாங்க. 20 வருஷம் கட்டாத காசை, நேத்து வந்த நான் ஏன் கட்டணும்?

கேட்டேவிட்டேன். அவங்க மழுப்பலை. ஆமா, ஏத்த வேண்டாம்னு சொன்னேன், அப்ப என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, மாசம் முப்பது டாலர் கூடுதலாக் கேட்டாலும் எங்களால முடிஞ்சிருக்காதுன்னாங்க. எல்லார் வீட்டுலயும் அந்தந்த வருஷம் ஒரு காரணம் இருந்துச்சுன்னாங்க. முப்பது டாலருக்குக் கஷ்டப்பட்டவங்ககிட்ட இப்ப மொத்தமா 21,875 கேட்டா, வீட்டை வித்துட்டுத்தான் போகணும். ஒழுகுற கட்டடத்துல வீட்டை யார் வாங்குவா?

அன்னிக்கு ராத்திரி திரும்ப யோசிச்சேன். என்கிட்ட சேமிப்பு இருக்கு. நகரம் அனுமதிச்சா என் பங்கை முன்கூட்டியே மொத்தமாக் கட்டி வட்டியைத் தவிர்த்துடலாம். எனக்கு இது வசதிக் கேள்வி, அவங்களுக்கு வீடு இருக்குமா இல்லையாங்கற கேள்வி. இன்னொண்ணும் புரிஞ்சது. எல்லாரும் உடனே மொத்தமாக் கட்டுன்னு சொன்னா, இன்னிக்கு யார் உள்ள இருக்காங்களோ அவங்க தலையில முழுக் கூரையும் விழுது. வருஷக் கட்டணம்னா அது வீட்டோட ஒட்டிக்குது. பாட்டிக்கு அப்புறம் வர்றவங்க அவங்க அனுபவிக்குற வருஷத்துக்கு அவங்க கட்டுவாங்க. பலன் அடையுறவங்க கட்டணுங்கற 1667 கணக்கு இங்கதான் ஒழுங்காப் பொருந்துது. போன 20 வருஷக் கணக்கை அது தீர்க்காது. அதை யாராலயும் தீர்க்க முடியாது. ஆனா அடுத்த 20 வருஷத்துக்கு அதே தப்பு நடக்காம இருக்க, வருஷா வருஷம் தணிக்கை செஞ்ச கணக்கை நகரத்துகிட்ட கொடுக்கணும்னு சட்டத்துலேயே இருக்கு. வட்டியைவிட எனக்குப் பிடிச்ச நிபந்தனை அது.

மறுநாள் காலையில போய்க் கையெழுத்துப் போட்டேன். மனுவுக்குத் தேவையான கடைசிக் கையெழுத்து என்னோடதுதான்னு போட்டதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன்.

பொது விசாரணை அடுத்த மாசம். எதிர்க்குறவங்களும் கையெழுத்துச் சேர்க்குறாங்க, அதுல ரெண்டு பேரு எனக்கு நல்ல பழக்கம். அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஒருத்தருக்கு அடுத்த வருஷம் வீட்டை விக்கணும். 29 வருமா வராதான்னு தெரியல. ஆனா இந்தக் குளிர்காலத்துக்குள்ள கூரை மாறாது, அது மட்டும் உறுதி. மேல் மாடிக்காரங்க இப்பவே வாளி வாங்கி வச்சுட்டாங்க.

நீங்க சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு பழைய ஃப்ளாட்ல இருந்தா, அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: மொட்டை மாடிக்கு அடுத்த தடவை வேலை வரும்போது, அதுக்கு இப்ப எவ்வளவு சேர்த்து வச்சிருக்கோம்? பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்து எனக்கு எழுதுங்க. விசாரணை முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு நானும் சொல்றேன்.